ரைஃபிளுக்கு நான்கு மாதம், தோட்டாவுக்கு நான்கு நிமிடம்

வேட்டைக்குப் போன கதையை அம்மாவிடம் போனில் சொன்னபோது முதல் கேள்வி, "என்னத்தடா சுட்ட?" என்பதுதான். "ஹாவலீனாம்மா" என்றேன். "அப்படின்னா?" "பார்க்கப் பன்னி மாதிரி இருக்கும்." அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "வீட்டுக் குக்கர்லயாடா வச்ச?" என்று கேட்டார். பிறகு அரை மணி நேரம் நான் கொடுத்த விளக்கம் எதுவும் எடுபடவில்லை. அம்மாவுக்கு அது பன்னிதான். எங்கள் வீட்டில் பன்னி வாசலைத் தாண்டியதில்லை.

ஆனால் நிஜமாகவே அது பன்றி இல்லை. பன்றிக் குடும்பமும் இதன் குடும்பமும் பிரிந்து 3 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. பன்றியின் கோரைப்பல் வெளியே வளைந்து மேலே போகும். இதற்கு மேல் பல் நேராகக் கீழே இறங்கும், கீழ்ப் பல்லோடு உரசி உரசித் தன்னைத் தானே தீட்டிக்கொள்ளும். பன்றிக்குப் பின்னங்காலில் நான்கு விரல், இதற்கு மூன்று. பித்தப்பை கிடையாது. வால் இருக்கிறது என்று சொல்லலாம், அவ்வளவுதான். வளர்ந்த மிருகமே 40 முதல் 60 பவுண்டு, அதாவது நம் ஊர் நடுத்தர வெள்ளாட்டுக் கிடாய் எடை. கழுத்தைச் சுற்றித் தோள்வரை வெளுப்பாக ஒரு பட்டை ஓடும். முதுகில், வாலுக்கு ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான தூரத்தில் மேலே, நாற்றச் சுரப்பி ஒன்று இருக்கிறது. கூட்டத்தில் ஒன்றோடொன்று உரசி அந்த நாற்றத்தைப் பூசிக்கொள்ளும். கண் மங்கலான பிராணி, யார் நம்மாள் என்பதை மூக்கால்தான் தெரிந்துகொள்கிறது. இந்தச் சுரப்பி பின்னால் என் வீட்டில் ஒரு சண்டைக்கே காரணமாகப் போகிறது.

நான் இருப்பது அரிசோனாவில், ஃபீனிக்ஸ் பக்கத்தில் சாண்ட்லர். சொந்த ஊர் முதுகுளத்தூர் பக்கம். இங்கே வந்த புதிதில் நகரத்தைவிட்டு வெளியே வண்டியை ஓட்டிக்கொண்டு போனபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கே பார்த்தாலும் சப்பாத்திக்கள்ளி, அதற்கு நடுவே சீமைக்கருவேலம். சரியாகச் சொன்னால் மெஸ்கீட் என்னும் அதன் நெருங்கிய சொந்தம். அதே இலை, அதே முள், அதே இனிப்பான நெற்று. பத்தாயிரம் மைல் தாண்டி வந்தும் அதே காடு. நம் ஊரில் இரண்டும் வந்தேறிகள். சப்பாத்திக்கள்ளி தெற்கில் காடு காடாய்ப் பரவி, 1926இல் இலங்கையிலிருந்து ஒரு செதில்பூச்சியைக் கொண்டுவந்து விட்டுத்தான் அதை அடக்கினார்கள். கருவேலத்தை இன்றைக்கும் பிடுங்கிக்கொண்டிருக்கிறோம். இங்கே அவை மண்ணின் பிள்ளைகள், ஹாவலீனாவுக்கு அவைதான் சோறும் தண்ணீரும். கள்ளி மடலை முள்ளோடு கடித்துத் தின்கிறது. நம் நாக்கைப் பிடுங்கும் அந்த ஆக்சாலிக் அமிலம் அதை ஒன்றும் செய்வதில்லை. கோடையில் கருவேல நெற்று. அது எப்படித் தின்கிறது என்று பார்க்கும் ஆசையில்தான் முதலில் பைனாகுலர் வாங்கினேன். அங்கிருந்து வேட்டைக்கு வந்து சேர எனக்கு ஆறு வருடம் பிடித்தது.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் நண்பர்கள் எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் தடை இருக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் அதற்கு விலக்கும் இருக்கிறது. நான் கிரீன் கார்டு வரும்வரை பொறுத்திருந்தேன், அந்த விலக்கை நம்பிப் பரிசோதித்துப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை. வேட்டைக்கு உரிமம் தனி, மிருகத்துக்கான டேக் என்னும் அனுமதிச் சீட்டு தனி. டேக் குலுக்கலில்தான் வரும்: வசந்த காலப் பருவத்துக்கு அக்டோபரில் விண்ணப்பம் போட வேண்டும். ஜனவரியில் வில் வேட்டை. அடுத்து ஒரு பருவம் கைத்துப்பாக்கிக்கும் வில்லுக்கும் குழலின் வாய்வழியாக மருந்து கெட்டித்துச் சுடுகிற துப்பாக்கிக்கும் மட்டும் (நம் ஊரில் நாட்டுத் துப்பாக்கி என்று போலீஸ் பிடித்துப் போகுமே, அதன் கௌரவமான அண்ணன்). பிப்ரவரி பின்பாதியில் பொதுப் பருவம், ரைஃபிளுக்கு இடம் அதில்தான்.

சரி, ரைஃபிள்.

துப்பாக்கி என்றால் எனக்குத் தெரிந்தது ஊர் வங்கி வாசலில் வாட்ச்மேன் ஐயா மடியில் வைத்துக்கொண்டு தூங்கிய இரட்டைக் குழல் மட்டும்தான். தேர்தல் வந்தால் அதையும் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டுக் கம்போடு உட்கார்ந்திருப்பார். அப்படிப்பட்ட நான் நான்கு மாதம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து 223ஆ, 243ஆ, 6.5 கிரீட்மூரா, 30-30ஆ என்று காலிபர்களை, அதாவது தோட்டா அளவுகளை, படித்தேன். எக்செல் ஷீட் போட்டேன், சிரிக்காதீர்கள், ஐ.டி.க்காரன் வேறென்ன செய்வான்.

அந்த நான்கு மாதப் படிப்பின் சாரத்தை நான்கு வரியில் சொல்லிவிடலாம். ஹாவலீனா சின்ன மிருகம், தோல் தடிப்பு இல்லை, எலும்பு ஆட்டெலும்பு மாதிரி. நெஞ்சுக்கூட்டில் குண்டு படவேண்டிய இடம் விரித்த கை அகலம்தான். சுடும் தூரம் பெரும்பாலும் 150 கெஜத்துக்குள், நிதானமாக நகரத் தெரிந்தால் 60 கெஜம்கூட. ஆகவே இதை வீழ்த்தச் சக்தி போதுமா என்ற கேள்வியே எழாது. சரியான குண்டு போட்டால் 223 போதும், அமெரிக்க ராணுவம் 1906இல் எடுத்துக்கொண்ட 30-06உம் போதும். உதை மட்டும்தான் வித்தியாசம். 30-06 சுட்டால் புதியவன் அடுத்த முறை விசையைத் தொடும்போதே கண்ணை மூடிக்கொள்வான், நான் மூடினேன். நண்பர் ஒருவரின் துப்பாக்கியில் மூன்று தடவை சுட்டுப் பார்த்துவிட்டு மறுநாள் அலுவலகத்தில் பையை இடது தோளில் மாட்டிக்கொண்டு திரிந்தேன்.

243 வின்செஸ்டர் என்று முடிவானது. 308 என்னும் தோட்டாவின் கழுத்தை இறுக்கி 1955இல் வந்த தோட்டா. உதை குறைவு, 200 கெஜத்தில்கூட அதிகம் இறங்காது, பின்னால் மான் வேட்டைக்கும் உதவும், எந்தக் கடையிலும் கிடைக்கும். 223 எடுத்திருந்தாலும் தப்பில்லை. நெம்புகோலை இழுத்துத் தோட்டா ஏற்றும் 30-30 லீவர் ஆக்‌ஷன் துப்பாக்கி மேல் எனக்கு இன்றைக்கும் ஒரு கண் உண்டு, அது பார்க்க அழகு என்பதைத் தவிர அப்போது வேறு காரணம் தெரியாது. இப்போது தெரியும், அதற்கு வருகிறேன்.

கடையில் நடந்தது வேறு கதை. எக்செல் ஷீட்டில் நான் போடாத ஒரு கட்டம் இருந்தது: என் கை நீளம். நான் ஐந்தடி நான்கங்குலம். கடைக்காரர் எடுத்துக் கொடுத்த ரைஃபிளின் கட்டை, விசையிலிருந்து தோள்வரை பதினான்கு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதைத் தோளில் வைத்தால் கழுத்தை நீட்டித்தான் ஸ்கோப்பில் பார்க்க முடிந்தது. இரண்டு மூன்று மாற்றிப் பார்த்துவிட்டு அவர் தயங்கித் தயங்கி, பையன்களும் பெண்களும் வாங்குவது ஒன்று இருக்கிறது, தப்பாக நினைக்காதீர்கள் என்று ரூகர் அமெரிக்கன் காம்பாக்டை எடுத்து வைத்தார். கட்டை பன்னிரண்டரை அங்குலம், குழல் 18 அங்குலம், எடை ஆறு பவுண்டு சொச்சம். தோளில் வைத்தேன், கண் நேராக ஸ்கோப்பின் நடுவில் போய் நின்றது. செருப்பு வாங்கினால் காலுக்குப் போட்டுப் பார்க்காமல் வாங்குவோமா? ரைஃபிளுக்கு மட்டும் நான்கு மாதம் ஏட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாராவது என்னிடம் கேட்டால் நான் இப்போது சொல்வது இதுதான்: காலிபரை விடுங்கள், கண்ணை மூடிக்கொண்டு தோளில் தூக்கி வைத்து, கண்ணைத் திறந்தால் ஸ்கோப்பில் முழு வட்டம் தெரிகிறதா பாருங்கள்.

எடையும் அப்படித்தான். ஒரு நாளில் ஏழெட்டு மைல் மேடு பள்ளம் ஏறி இறங்கிச் சுமப்போம், சுடுவது ஒரே ஒரு தடவை. ஸ்கோப்புக்கு 2 முதல் 7 மடங்கு சாதாரண உருப்பெருக்கம் போதும். பெரிய ஸ்கோப்புக்கு வைத்திருந்த பணத்தைப் பைனாகுலருக்கும் அதை நிறுத்தும் மூன்றுகால் ஸ்டாண்டுக்கும் போட்டேன், அந்த நான்கு மாதத்தில் நான் எடுத்த உருப்படியான ஒரே முடிவு அது. ஹாவலீனா வேட்டை என்பது தொண்ணூறு பங்கு எதிர்மலையை உட்கார்ந்து பார்ப்பது.

படிவம் எழுதினேன், பின்னணிச் சோதனைக்குக் கம்ப்யூட்டரில் தட்டினார்கள், பத்து நிமிடத்தில் ஒப்புதல் வந்தது. ஊரில் ஒரு கியாஸ் இணைப்புக்கு இதைவிட அதிகம் அலைந்திருக்கிறேன். அப்புறம் தோட்டா. அலமாரியில் 243 என்று எழுதிய பெட்டிகளில் மஞ்சளும் சிவப்புமாக ஒன்று விலை குறைவாக இருந்தது. 58 கிரெய்ன் (குண்டு எடைக்கான அலகு) குண்டு, நொடிக்கு 3,750 அடி வேகம் என்று போட்டிருந்தது. அந்த வரிசையிலேயே அதுதான் வேகம். வேகமாகப் போனால் நல்லதுதானே? இரண்டு பெட்டி எடுத்தேன். நான்கு நிமிடம்கூட ஆகியிருக்காது.

ஃபீனிக்ஸுக்கு வடக்கே பென் ஏவரி என்று மாநில வேட்டைத் துறையே நடத்தும் பெரிய சுடுதளம் இருக்கிறது. அங்கே 100 கெஜத்தில் பூஜ்யம் பார்த்தேன், அதாவது ஸ்கோப்பின் குறியும் குண்டு படும் இடமும் ஒன்றாகும்படி சரிசெய்தேன். அந்தத் தோட்டா தாளில் அற்புதமாகச் சுட்டது, மூன்று துளையும் ஒரு ரூபாய்க் காசுக்குள். வேட்டைக்கு ஏற்றதா என்பதைத் தாள் எப்படிச் சொல்லும்.

முதல் வருடம் ஆரக்கிள் ஊருக்கு வடக்கே மாநில அறக்கட்டளை நிலத்தில். பிப்ரவரி விடியலில் அங்கே தண்ணீர் பாட்டில் உறைந்துபோகும். ஹாவலீனாவுக்கு உள்ரோமம் கிடையாது, குளிர் தாங்காது, ராத்திரி ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும். அதனால் இருட்டோடு எழுந்து ஓடுவதில் பயனில்லை. வெயில் முதலில் விழும் தெற்குச் சரிவைப் பார்க்கும்படி உட்கார்ந்தால் எட்டு மணிக்குமேல் அவையே வந்து வெயில் காயும். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது, இருட்டோடு எழுந்து ஓடினேன். இரண்டாம் நாள் பத்து மணிக்குக் கள்ளிக் கூட்டத்துக்குள் சாம்பல் நிறப் பாறை ஒன்று நகர்ந்தது. ஒன்பது எண்ணினேன். காற்று என் முகத்துக்கு வந்துகொண்டிருந்தது. கண் மங்கல் என்று படித்தது நிஜம்தான், திறந்த வெளியில் குனிந்து நடந்து 70 கெஜம்வரை போய்விட்டேன். மடலைக் கடித்துச் சாறு சொட்ட மெல்லும் சத்தம் கேட்டது.

உட்கார்ந்தேன், குச்சிக் கவையில் ரைஃபிளை வைத்தேன், தோளைப் பார்த்துச் சுட்டேன். விழவில்லை. கூட்டம் நாலாபுறமும் தெறித்து ஓடியது, ஒன்று என்னை நோக்கியே வந்து பத்தடி தள்ளிப் போனது (இதைத்தான் தாக்க வருகிறது என்று ஊரெல்லாம் கதை சொல்கிறார்கள், பாவம், அதற்கு எந்தப் பக்கம் போவதென்று தெரியவில்லை). நான் சுட்டது முன்னங்காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு நாற்பது கெஜம் போய்க் கருவேலத்தடியில் நின்று பல்லைக் கட கடவென்று அடித்தது. இன்னொரு தடவை சுட வேண்டியிருந்தது. இந்த இடத்தை எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். கை நடுங்கியதில் அடுத்த தோட்டாவை ஏற்றும் போல்ட்டை இழுக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது, ஆனால் அந்தக் கட கட இப்போதும் காதில் இருக்கிறது.

தோலை உரித்தபோதுதான் நடந்தது புரிந்தது. வலது முன்சந்து முழுக்க ரத்தம் கட்டிக் கறுப்பு ஜெல்லி மாதிரி ஆடியது, அதற்குள் செம்புத் தகடு துணுக்குத் துணுக்காக. முதல் குண்டு தோள் எலும்பில் பட்ட உடனே வெடித்துச் சிதறிவிட்டது, நெஞ்சுக்குள் போகவே இல்லை. 58 கிரெய்ன் என்றால் அரைப் பவுனுக்கும் குறைவான எடை. மெல்லிய உறை, நுனியில் பிளாஸ்டிக். நரி மாதிரித் தோல் எடுக்கும் சின்ன மிருகங்களுக்கும் தரை அணிலுக்கும் செய்தது. நுழைந்த உடனே தூளாகிவிட வேண்டும் என்பதுதான் அதன் வேலை, அந்த வேலையை அது சரியாகத்தான் செய்தது. தின்பதற்காகச் சுடுகிறவன் அதைத் தொட்டே இருக்கக் கூடாது. பெட்டியின் பக்கவாட்டில் எழுதியும் இருந்தது.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. சுரப்பியைக் கத்தியால் தோண்டி எடுத்துவிட வேண்டும் என்று எங்கேயோ கேட்டிருந்தேன். தோண்டினேன். அதே கத்தி, அதே கையுறை, அப்படியே தொடைக்குப் போனேன். முதுகு மயிரைத் தொட்ட கையால் கறியைத் தொட்டேன். உண்மை என்னவென்றால் அந்தச் சுரப்பி தோலோடு ஒட்டியது. தோலை உரித்தால் தோலோடு தானாக வந்துவிடும், அதைத் தேடிப் போகிறவன்தான் நாற்றத்தைக் கறிக்குக் கொண்டுபோகிறான். எனக்கு அது தெரியாது. நடுப்பகல் வெயிலில் அப்படியே வண்டிக்குப் பின்னால் போட்டு இரண்டு மணி நேரம் ஓட்டிக்கொண்டு வந்தேன், அது வேறு.

அன்று ராத்திரி குக்கரில் மூன்றாவது விசில் வந்தபோது மாடியிலிருந்து மனைவி இறங்கி வந்தாள். "ஏங்க, என்னங்க இது, சாக்கடை அடைச்ச மாதிரி?" என்றாள். நான் பட்டை கிராம்பு இன்னும் கொஞ்சம் போட்டேன். ஐந்தாவது விசிலில் சன்னல் எல்லாம் திறந்தாயிற்று, ஏழாவதில் குக்கர் பின்கட்டுக்குப் போனது, நானும் அதோடு போனேன். குளிரில் உட்கார்ந்து ஒரு துண்டு வாயில் போட்டேன். கஸ்தூரி என்று கௌரவமாகச் சொல்லலாம். நனைந்த கம்பளி, கெட்டுப்போன வெங்காயம், இரண்டுக்கும் நடுவே ஏதோ. அத்தனையையும் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. தின்னக்கூடிய கறியை வீணாக்குவது இந்த மாநிலத்தில் குற்றம். அதைவிட, ஒரு உயிரை இரண்டு தடவை சுட்டு எடுத்துவந்து குப்பையில் போட்டவனுக்கு ஒரு வாரம் தூக்கம் வராது.

என்னோடு வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர், பூர்வீகம் எல்லைக்கு அந்தப் பக்கம் மெக்சிகோவின் சொனோரா, மூன்று தலைமுறையாக வேட்டைக்குடும்பம். அவரிடம் கதையைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. மறுநாள் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டிலிருந்து ஒரு டப்பா கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். பச்சை மிளகாயில் நார் நாராக வெந்த கறி, கோதுமை ரொட்டியில் சுருட்டியது. தின்று முடித்த பிறகுதான் அது ஹாவலீனா என்று சொன்னார். ஒரு துளி நாற்றம் இல்லை. அவர் சுடுவது அப்பா காலத்து 30-30. அந்தக் குண்டு 170 கிரெய்ன், ஒன்றரைப் பவுனுக்குக் கொஞ்சம் குறைவு. நொடிக்கு 2,200 அடிதான். மெதுவாகப் போய் மெதுவாக விரிந்து அந்தப் பக்கம் வந்துவிடும், கறி கன்றுவது துளையைச் சுற்றி இரண்டு விரல்கடை மட்டும். பெரிய துப்பாக்கி என்றால் அதிகம் நாசம் என்று நான் நினைத்திருந்தேன். நாசத்தைச் செய்வது அளவு இல்லை, வேகமும் உடையும் குண்டும்தான். ஆட்டை அரிவாளால் வெட்டுவதற்கும் வெடி வைத்துப் பிளப்பதற்கும் உள்ள வித்தியாசம். சமையல் அடுப்பில் தொடங்குவதாக இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தவன் நான். அந்த ஜெல்லியை எந்த மசாலாவாலும் கறியாக்க முடியாது, அது தோட்டாக் கடையிலேயே கெட்டுப்போன கறி.

ரைஃபிளை மாற்றவில்லை. அடுத்த வருடத்துக்கு 100 கிரெய்ன், சாதாரண ஈயமுனைக் குண்டு, 2,960 அடி என்று பெட்டியில் எழுதியிருந்தது. அது நீளக் குழலில் அளந்த கணக்கு, என் குட்டைக் குழலில் இன்னும் குறையும், எனக்கு அதுவும் சம்மதமே. முழுக்கச் செம்பில் செய்த குண்டும் நன்றாக இருக்கும், சிதறாது, கறியில் ஈயத் துணுக்கு இருக்குமோ என்ற கவலையும் இல்லை, விலைதான் கூட. விரியாத முழு உறைக் குண்டுக்கு இங்கே சட்டத்திலேயே இடமில்லை.

சுடும் இடத்தையும் மாற்றினேன். தோளில் இல்லை, முன்னங்காலை ஒட்டிப் பின்னால், உடம்பை மூன்றாகப் பிரித்தால் கீழ்ப் பங்கு முடியும் இடத்தில். இதற்குப் பெரியவர் சொன்ன காரணம் எந்த ஏட்டிலும் என் கண்ணில் படவில்லை: மிரண்டால் முதுகு மயிர் சிலிர்த்து நிற்கும், மிருகம் நிஜத்தைவிட உயரமாகத் தெரியும், நடு என்று நினைத்துச் சுட்டால் குண்டு முதுகுக்குப் போய்விடும். பென் ஏவரியில் மேசையில் சுடுவதையும் விட்டேன். தரையில் உட்கார்ந்து குச்சிக் கவையில், மூச்சு வாங்கும்படி கொஞ்சம் ஓடிவிட்டு வந்து. பக்கத்துத் தளத்துக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

இரண்டாவது வேட்டையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எட்டரை மணி, தெற்குச் சரிவு, ஐந்து உருப்படி, செம்பட்டைக் குட்டி எதுவும் கூட இல்லை என்று அரை மணி நேரம் பார்த்து உறுதி செய்துகொண்டேன். 90 கெஜம். ஒரு சத்தம், நான்கு எட்டு வைத்தது, சாய்ந்தது. டேக்கைக் கட்டினேன். கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், உடனே கத்தியை எடுக்கத் தோன்றவில்லை. அப்புறம் மேல்தோலில் தெள்ளுப்பூச்சி ஏற ஆரம்பித்ததும் எழுந்துவிட்டேன். உடம்பு குளிரத் தொடங்கினால் அவை வேறு வீடு தேடும்.

உரிப்பதற்கு ஒரு கத்தி, கறிக்கு வேறு கத்தி. ஒரு கை தோலுக்கு மட்டும், ஒரு கை கறிக்கு மட்டும், தோல் கழன்றதும் கையுறை மாற்றம். மயிர் ஓரம் உள்பக்கம் சுருண்டு விழாமல் வெளியே மடக்கி இழுக்க வேண்டும். கருவேலக் கிளையில் தொங்கவிட்டு உரித்தேன், சுரப்பி தோலோடு வந்தது, அதை நான் பார்க்கக்கூட இல்லை. நாலு சந்தும் முதுகுக்கறியும் கழுத்தும் துணிப்பையில் போட்டு ஐஸ் பெட்டிக்குள். பெட்டியின் அடைப்பைத் திறந்துவிட்டேன், உருகுகிற தண்ணீர் வடிய வேண்டும், கறி தண்ணீரில் ஊறக் கூடாது. எலும்பில்லாமல் 14 பவுண்டு தேறியது.

இனி அடுப்பு. இதைப் பன்றிக்கறி போலச் சமைக்கப் போனால் தோற்றுவிடுவோம். பன்றியில் கொழுப்பு உருகித் தானே வறுபடும், எண்ணெய் வேண்டாம். இதில் கொழுப்பே கிடையாது. இருக்கிற கொஞ்சத்தையும் வெள்ளைச் சவ்வையும் அரிந்து எறிந்துவிட வேண்டும், மிச்சமுள்ள வாடை அங்கேதான் ஒளிந்திருக்கும். வயதான வெள்ளாட்டுக் கறிக்கு என்ன செய்வோமோ அதையே செய்தேன். ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜில் உப்புத் தண்ணீர். மறுநாள் பச்சைப் பப்பாளி ஒரு துண்டு அரைத்துப் பிசறி ஒரு மணி நேரம். நல்லெண்ணெய் தாராளமாக, சோம்பு, கறிவேப்பிலை, சின்ன வெங்காயம் (மெக்சிகோக்காரர் கடையில் முத்து வெங்காயம் என்று வரும், உரிக்கத்தான் உயிர் போகும்), இஞ்சி பூண்டு. மிளகும் மல்லியும் வறுத்து அம்மியில்லாததால் மிக்ஸியில் கொரகொரப்பாக. மிளகாய்க்கு எங்கள் ராமநாதபுரம் முண்டுதான் போட ஆசை, ஊரிலிருந்து கொண்டுவந்தது தீர்ந்துவிட்டது. அதே கடையில் காஸ்கபெல் என்று குண்டாக, ஆட்டினால் விதை குலுங்குகிற வற்றல் கிடைத்தது. காரம் குறைவு, நிறம் அப்படியே. மிளகாயே அந்தப் பக்கத்திலிருந்துதான் நமக்கு வந்தது, சொந்தக்காரன் வீட்டில் கடன் வாங்கிய கணக்கு.

குக்கரில் எட்டு விசில், அப்புறம் இரும்புச் சட்டியில் தேங்காய்ச் சில்லோடு சுண்ட வறுவல். பாதி வேக்காடு, உள்ளே இளஞ்சிவப்பு என்கிற பேச்சே இங்கே கிடையாது. காட்டு மிருகத்தின் சதையில் டிரைக்கினெல்லா புழு இருக்கலாம்; 71 டிகிரி செல்சியஸ் உள்வரை ஏற வேண்டும். ஃப்ரீசரில் போட்டால் செத்துவிடும் என்று நம்புகிறவர்கள் உண்டு, காட்டு மிருகங்களில் உறைபனியைத் தாங்கும் வகைகள் இருக்கின்றன, அதை நம்பக் கூடாது. குக்கர் வைத்திருக்கும் வீட்டுக்கு இந்தக் கவலை இல்லை.

ஒரு பின்தொடையை மட்டும் தனியாக வைத்துக் கருவேலக் கட்டையின் கங்கில் ஐந்து மணி நேரம், கடைசி இரண்டு மணி நேரம் தாளில் பொதிந்து. இங்கே மெஸ்கீட் புகை என்று அதற்கு உணவகத்தில் தனி விலை வாங்குகிறார்கள். எனக்கு அது அப்பத்தா வீட்டு மூட்டத்து வாசனை. ஊருக்கு வெளியே கரி மூட்டம் போடும் இடத்தைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போனால் சட்டையெல்லாம் இதே வாசனை ஏறும், அதற்காக வகுப்பில் முதல் வரிசையில் உட்கார விடமாட்டார்கள்.

வறுவல் டப்பாவைப் பெரியவருக்குக் கொண்டுபோனேன். ரொட்டியைக் கிள்ளித் தொட்டுத் தின்றுவிட்டு, கறிவேப்பிலையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து இது எந்த மரத்து இலை என்று கேட்டார். இப்போது அவர் வீட்டுக் கொல்லையில் ஒரு கன்று வளர்கிறது, பனிக்காலத்தில் அதற்குப் போர்வை போர்த்துகிறாராம்.

மனைவி முதலில் மணத்தை மட்டும் பார்த்தாள். குக்கர் உள்ளேயே இருந்தது. மூன்றாவது விசிலில் மாடியிலிருந்து யாரும் இறங்கி வரவில்லை, ஐந்தாவதில் சோறு வடித்தாயிற்றா என்று ஒரு குரல் மட்டும் வந்தது. அம்மாவிடம் மட்டும் இன்னும் குக்கர் விவரத்தைச் சொல்லவில்லை.

போன அக்டோபரில் மறுபடி விண்ணப்பம் போட்டேன், குலுக்கலில் விழவில்லை. 58 கிரெய்ன் பெட்டியில் மிச்சமிருந்ததை எல்லாம் பென் ஏவரியில் தாளில் சுட்டுத் தீர்த்தேன், இப்போதும் மூன்று துளையும் ஒரு காசுக்குள்தான். ஃப்ரீசரில் ஒரே ஒரு பொட்டலம் பாக்கி. தம்பி வரும்போது எடுக்கலாம் என்று மனைவி அதைப் பட்டாணிப் பைக்குப் பின்னால் தள்ளி வைத்திருக்கிறாள், எனக்குத் தெரியாது என்று நினைப்பு. மேலே என் கையெழுத்தில் "வலது முன்சந்து, முழுசு" என்று எழுதியிருக்கிறது.